தாவூத் பாயின் ஆம்ப்பில் ஒரு கோளாறு

“இன்னொரு தபா பாடுங்கக்கா. அதே வரிதான். அவசரமே இல்ல.”

தாவூத் பாய் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் பேஸ் கிட்டார். எதிரே கிட்டாரின் சத்தத்தைப் பெருக்கும் அவருடைய ஆம்ப். இடுப்பு உயரத்துக்கு ஒரு கறுப்புப் பெட்டி, முன்னால் இரும்பு வலை, வலைக்கு மேலே ஒரு வரிசைக் குமிழ்கள். தடித்த கம்பியை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, அது அதிர்ந்துகொண்டிருக்கும்போதே ஒரு குமிழைக் கால் சுற்றுத் திருகுவார். தலையைச் சாய்த்துக் கேட்பார். மறுபடி தட்டுவார்.

நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரே வரியைப் பத்துப் பன்னிரண்டு முறை பாடியாகிவிட்டது.

கள்ளக்குறிச்சியில் அவருடைய தார்ப்பாய்க் கடைக்குப் பின்னால் இருக்கும் குடோன் அது. வெள்ளிக்கிழமை மத்தியானம். தொழுகையும் சாப்பாடும் முடிந்து, கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வந்திருந்தார். நீலமும் மஞ்சளுமாகத் தார்ப்பாய்ச் சுருள்கள் கூரைவரை அடுக்கியிருக்கும். ஒரு மூலையில் தேங்காய் நார்க் கயிறு. புது பிளாஸ்டிக் வாசனையும் நார் வாசனையும் கலந்து மூக்கில் ஏறும். கை தட்டினால்கூட எதிரொலி வராது. சத்தத்தையெல்லாம் தார்ப்பாய் குடித்துவிடும். அதனாலேயே எங்கள் மெல்லிசைக் குழு ப்ராக்டிஸ் செய்வது அங்கேதான்.

அன்றைக்குக் குழு வரவில்லை. நாங்கள் இரண்டு பேரும், கயிற்று மூட்டை மேல் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அவர் மனைவி நஜ்மாவும் மட்டும்தான்.

“ஆம்ப்ல ஒரு கோளாறுக்கா. நீங்க பாடுனாதான் அது தெரியுது. ஒரு தபா வந்து பாடிட்டுப் போங்க” என்று சொல்லித்தான் கூப்பிட்டிருந்தார்.

நானும் நம்பிப் போயிருந்தேன்.

முதுகில் கேட்கும் வாத்தியம்

இந்தத் தொடரில் இதுவரை என் பாட்டைப் பற்றியே நிறைய எழுதிவிட்டேன். “உங்களுக்குப் பின்னால் நின்று வாசித்தவர்களைப் பற்றி ஒரு வாரம் எழுதக் கூடாதா?” என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். கேட்டது நியாயம். எனக்குப் பின்னால், வலது பக்கமாக, இருபது வருஷத்துக்கு மேல் நின்றவர் தாவூத் பாய்.

என்னைவிட நாலைந்து வயது இளையவர். கடை அவர் தாத்தா காலத்தது. மக்காச்சோளம் காய வைக்க, நெல்லை மூட, கரும்பு வண்டியில் கட்ட என்று சுற்றுவட்டாரத்தில் தார்ப்பாயும் கயிறும் வேண்டுமென்றால் அங்கேதான் போவார்கள். வரும் சுருள் ஒவ்வொன்றையும் விரித்து விரலால் சுண்டி, காதைப் பக்கத்தில் வைத்துக் கேட்பார். சத்தத்தை வைத்தே அது எத்தனை வெயில் தாங்கும் என்று சொல்லிவிடுவார். வாங்க வந்தவர்கள் சிரிப்பார்கள். ஆனால் அவர் சுண்டிப் பார்த்துக் கொடுத்ததைத்தான் வாங்குவார்கள்.

அவருக்கு பேஸ் கிட்டார் மேல் ஆசை வந்த இடம் பஸ். திருக்கோவிலூர் போகும் ஒரு தனியார் பஸ்ஸில் கடைசி சீட்டுக்கு அடியில் ஒரு பெரிய ஸ்பீக்கர் இருக்குமாம். முன்னால் இடம் காலியாக இருந்தாலும் கடைசி சீட்டில்தான் போய் உட்காருவாராம்.

“பாட்டு காதுல கேக்கும்க்கா. அது மட்டும் முதுகுல கேக்கும். அது இன்னா வாத்தியம்னு தெரிஞ்சிக்கவே எனக்கு ரெண்டு வருசம் ஆச்சி” என்பார்.

எல்லாருக்கும் பேஸ் கிட்டார் என்றால் ‘தும் தும்’ என்று எங்கோ கேட்கும் ஒன்று. அவர் வாசித்தால் அப்படி இருக்காது. உருண்டையாக, வெதுவெதுப்பாக, நடுவில் சதைப் பிடிப்போடு வரும். ஒருமுறை ரிஷிவந்தியம் பக்கம் ஒரு காதுகுத்துக் கச்சேரி முடிந்ததும், ஒரு விவசாயி மேடைக்குப் பின்னால் வந்து, பாடிய எங்களையெல்லாம் தாண்டிப் போய், அந்தக் கறுப்புப் பெட்டியைத் தொட்டுப் பார்த்தார். “இதுக்குள்ளாரயா இம்மாம் நேரம் இருந்துச்சி?” என்று கேட்டார். பாய்க்கு அன்று முழுக்கச் சிரிப்பு அடங்கவில்லை.

அந்தச் சத்தத்தை அவர் ஒரே நாளில் பிடிக்கவில்லை. மண்டபம் மண்டபமாக, மேடை மேடையாகக் குமிழ்களை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துக் கண்டுபிடித்தது. கடைசியில் பிடித்த நிலை வந்ததும், ஒவ்வொரு குமிழுக்கும் பக்கத்தில் நஜ்மாவின் நகப்பூச்சால் ஒரு சிவப்புப் புள்ளி வைத்துக்கொண்டார். வேறு யாராவது ஆம்ப்பைத் தொட்டுவிட்டால், சிவப்புப் புள்ளிக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டுத்தான் வாசிக்கத் தொடங்குவார். அதில் மட்டும் அவர் விட்டுக்கொடுத்து நான் பார்த்ததில்லை.

கீழ் வீட்டுக்கு வந்த குரல்

எனக்குத் தைராய்டு கட்டியை ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். குரல் மாறலாம் என்று டாக்டர் முன்னாலேயே சொல்லியிருந்தார். நானும் தலையை ஆட்டியிருந்தேன். உயிருக்குப் பயந்தவள் அந்த நேரத்தில் குரலைப் பற்றி என்ன யோசிப்பாள்?

நாலைந்து மாதம் காற்றுத்தான் வந்தது. அப்புறம் குரல் வந்தது. ஆனால் மாடியில் குடியிருந்தவளைக் கீழ் வீட்டுக்கு மாற்றியது போல, முழுக்க இறங்கி, கொஞ்சம் கரகரப்போடு வந்தது.

எனக்கு வேலை தியாகதுருகம் பக்கத்தில் ஒரு பால் சொசைட்டியில். காலையிலும் சாயங்காலமும் பால் ஊற்ற வருகிறவர்களின் நம்பரைச் சத்தமாகக் கூப்பிட வேண்டும். “இன்னாங்கக்கா, சளியா?” என்று கேட்பார்கள். ஆமாம் என்பேன். எத்தனை மாதம் சளி பிடிக்கும்? பிறகு அவர்களே கேட்பதை நிறுத்திக்கொண்டார்கள்.

ஆபரேஷனுக்குப் பிறகு முதல் கச்சேரி ஒரு கல்யாண வரவேற்பு. எங்கள் குழுவின் தலைவர், கீபோர்டு வாசிக்கும் குமரேசன், நல்ல மனுஷன். எனக்காகச் சுருதியை இறக்கி எல்லாருக்கும் எழுதிக் கொடுத்திருந்தார். ஆனாலும் நான் பாடத் தொடங்கியதும் என் குரல் எனக்கே கேட்கவில்லை. முன்வரிசையில் இருந்தவர்கள் என் வாயைப் பார்த்தார்கள், பிறகு தங்களுக்குள் பேச ஆரம்பித்தார்கள்.

சவுண்ட் பார்க்கும் அந்தோணி என் மைக்கைக் கொஞ்சம் ஏற்றினான். போதவில்லை. இன்னும் ஏற்றினான். மண்டபமே ‘கீஈஈ’ என்று ஊளையிட்டது. மணப்பெண் காதைப் பொத்திக்கொண்டாள். பொத்திய கையில் மருதாணி நன்றாகச் சிவந்திருந்தது. அந்தப் பாட்டில் எனக்கு ஞாபகம் இருப்பது அது ஒன்றுதான்.

எனக்கு வைத்திருந்த மற்ற பாட்டுகளை வேறொரு பெண் பாடினாள்.

வண்டியில் திரும்பும்போது குமரேசன் என் பக்கம் திரும்பாமல், ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

“கொஞ்ச நாளு ரெஸ்ட் எடுங்கக்கா. நானே கூப்பிடுறேன்.”

அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். மேடைக்குக் கட்டும் புடவைகளை மடித்து டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்தேன். என் வீட்டுக்காரர் ஏழுமலை கரும்பு போடுகிறவர். அதிகம் பேச மாட்டார். “வுடு. பாட்டு பாடுனாத்தான் சோறா?” என்று சொன்னார். ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் நான் அதற்குப் பிறகு வீட்டில் முணுமுணுப்பதைக்கூட நிறுத்திவிட்டேன். பாத்திரம் தேய்க்கும்போதும், துணி உலர்த்தும்போதும் வாய் தானாக ஒரு வரியை எடுக்கும். உடனே மூடிக்கொள்வேன். தெரிந்தவர் எதிரே வரும்போது வேறு தெருவில் திரும்பிக்கொள்வதைப் போலத்தான் அதுவும்.

சொசைட்டி வாசலில்

சில மாதம் கழித்து ஒரு சாயங்காலம் தாவூத் பாய் மொபெட்டில் சொசைட்டிக்கு வந்தார். அவர் அந்தப் பக்கம் வந்ததே கிடையாது. பால் ஊற்றும் வரிசை முடியும்வரை வேப்ப மரத்தடியில் நின்றார்.

“இன்னா பாய், இம்மாம் தூரம்?”

“ஆம்ப்ல ஒரு கோளாறுக்கா. எனக்குப் புடிபடல.”

“ரிப்பேர் பண்றவங்ககிட்ட காட்றதுதானே? எனக்கு இன்னா தெரியும்?”

“காட்டிட்டேன். அவரு வாசிக்கச் சொன்னா நல்லாத்தான் கேக்குது. பொம்பளக் குரலு, அதுவும் கொஞ்சம் கீழ் சுருதில பாடுனா மட்டும் கோளாறு வருது. நம்ம குழுல வேற யாரு கீழ பாடுறாங்க? நீங்கதான்.”

“நான் பாடுறத வுட்டுட்டேன் பாய்.”

“பாட வேணாம்க்கா. சும்மா ஒரு வரி. ஆம்ப்புக்கு.”

அந்த ‘ஆம்ப்புக்கு’ என்ற ஒரு சொல்லில்தான் நான் ஒத்துக்கொண்டேன். ஜனங்களுக்குப் பாட எனக்குத் தைரியம் இல்லை. ஒரு பெட்டிக்குப் பாடலாம். பெட்டி என்ன நினைத்துக்கொள்ளப் போகிறது?

இடம் தேடும் குமிழ்

அப்படித்தான் அந்த வெள்ளிக்கிழமை குடோனில் நின்றேன்.

ஆம்ப்பில் எத்தனையோ குமிழ்கள் இருந்தாலும் அன்று அவர் பிடித்துக்கொண்டிருந்தது இரண்டை. ஒன்று இடத்தைத் தேடும். அடிச் சத்தத்துக்கும் நடுச் சத்தத்துக்கும் இடையே எந்தப் பகுதி என்பதை நகர்த்தும். இன்னொன்று, தேடிப் பிடித்த அந்தப் பகுதியை மட்டும் ஏற்றும் அல்லது இறக்கும். இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது, பின்னால் தெரிந்துகொண்டது. அன்றைக்கு நான் பார்த்ததெல்லாம் ஒரு மனிதர் கண்ணை மூடிக்கொண்டு குமிழைத் திருகுவதைத்தான்.

முதலில் அவர் இறக்கவில்லை, ஏற்றினார். இரண்டாவது குமிழை முழுக்க ஏற்றி வைத்துக்கொண்டு, முதல் குமிழை மெதுவாக நகர்த்திக்கொண்டே போனார். நான் பாடப் பாட, அவர் வாசிக்கும் சத்தம் நிறம் மாறிக்கொண்டே வந்தது. ஒரு இடத்தில் அது பொங்கிக்கொண்டு மேலே வந்து, என் குரலை அப்படியே மூடிவிட்டது. நான் பாடுகிறேன், எனக்கே கேட்கவில்லை. அந்தக் கல்யாண மண்டபத்தில் நடந்த அதே கதை. பாட்டை நிறுத்தினேன்.

“நிறுத்தாதீங்கக்கா. இங்கதான். இங்கதான் இருக்குது.”

“இன்னா இருக்குது?”

“கோளாறு.”

கண்ணைத் திறந்தார். முதல் குமிழிலிருந்து கையை எடுத்துவிட்டு, இரண்டாவது குமிழை இறக்கத் தொடங்கினார். பாதி. பாதிக்கும் கீழே. அதற்கும் கீழே. அவருடைய பேஸ் மெலிந்துகொண்டே போனது. அந்த வெதுவெதுப்பு, அந்தச் சதை, எல்லாம் கரைந்து எலும்பு மட்டும் நின்றது.

நஜ்மா கீரையிலிருந்து தலையைத் தூக்கினார்.

“இன்னாங்க இது, உப்பில்லாத கஞ்சி மாதிரி இருக்குது? நீங்க வாசிக்கிற மாதிரியே இல்ல.”

“இருக்கட்டும்” என்றார் பாய்.

பிறகு மேலே இருக்கும் இன்னொரு குமிழைக் கொஞ்சம் ஏற்றினார். விரல் கம்பியில் படும் ‘டொக்’ என்ற சத்தம் அதில் வந்தது. தாளம் தவறாமல் கேட்டது. ஆனால் அது அவருடைய சத்தம் இல்லை. எவரோ ஒருவருடையது.

“இப்ப பாடுங்கக்கா.”

பாடினேன். ஆபரேஷனுக்குப் பிறகு முதல் முறையாக என் குரலை நான் கேட்டேன். கத்தவில்லை, மைக்கை வாயில் இடித்துக்கொள்ளவில்லை. சாதாரணமாகப் பாடினேன். அந்தக் கரகரப்பு, அந்தத் தாழ்ந்த குரல், அது அப்படியொன்றும் அசிங்கமாக இல்லை. யாரோ கொஞ்சம் வயதான, கொஞ்சம் கஷ்டப்பட்ட ஒரு பெண் பாடுகிறாள், கேட்கலாம் என்று இருந்தது.

“ஆம்ப் சரியாயிடுச்சா பாய்?”

“இங்க சரியாயிடுச்சி. வெளிய வெச்சிப் பாத்தாதான் தெரியும். ஞாயித்துக்கெழம வெள்ளிமலைல பள்ளிக்கூட விழா. பகல் ப்ரோகிராம். ஒரே ஒரு பாட்டு பாடிடுங்க.”

எழுந்து போய்விடலாமா என்று பார்த்தேன். நஜ்மா டீ கொண்டுவந்து கையில் வைத்துவிட்டார். மறுநாள் குமரேசன் போன் செய்தார்.

“பாய் கேட்டுக்கினாரு அக்கா. ஒரு பாட்டு வெச்சிருக்கேன். மனசுல ஒண்ணும் வெச்சிக்காதீங்க. இது சரியா வரலன்னா, அதுக்கு மேல நான் யாருக்கும் பதில் சொல்ல முடியாது.”

அதுவும் நியாயம்தான். அவர் குழு நடத்த வேண்டும்.

மேடையே பாடியது

கோமுகி அணையைத் தாண்டியதும் வண்டி கல்வராயன் மலையில் ஏறத் தொடங்கியது. வளைவுக்கு வளைவு காற்று குளிர்ந்துகொண்டே வந்தது. சரிவுகளில் மரவள்ளி பச்சையாக நின்றது. நான் சால்வையைத் தொண்டையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டேன். பாய் முன்சீட்டில் உட்கார்ந்து, கூரையில் கட்டிய சாமானைப் பற்றியே கவலைப்பட்டுக்கொண்டு வந்தார்.

பள்ளிக்கூட மைதானத்தில் மேடை. இரும்பு டிரம்களை நிற்க வைத்து, மேலே பலகை அடித்துப் போட்டிருந்தார்கள். குழந்தைகள் தரையில், பெரியவர்கள் பின்னால் பலா மர நிழலில்.

பாய் முதல் கம்பியைத் தட்டினார். ‘தொம்ம்ம்’ என்று மேடை முழுக்க உறுமியது. பலகைக்குக் கீழே வெற்று இடம், வெற்று டிரம். ஆம்ப்பின் அதிர்வு பலகைக்குள் இறங்கி, அதுவே ஒரு பெரிய பறையாகிவிட்டது. குடோனில் அவர் மணிக்கணக்கில் உட்கார்ந்து செய்ததெல்லாம் ஒரு நொடியில் போயிற்று.

“பாய், நீங்க வாசிக்கல. மேடதான் பாடுது” என்று கீழேயிருந்து அந்தோணி கத்தினான்.

‘நான் பாடலனு சொல்லிடட்டுமா?’ என்று கேட்க வாயைத் திறந்தேன். பாய் அதற்குள் வண்டிக்கு ஓடியிருந்தார். சாமான் கட்டிவந்த தேங்காய் நார்க் கயிற்றை அவிழ்த்து, பெரிய சுருளாக உருட்டி, மேடைக்குத் தூக்கிக்கொண்டு வந்தார். “புடிங்க மாஸ்டர்” என்று குமரேசனையும் சேர்த்துக்கொண்டு ஆம்ப்பைத் தூக்கி, அந்தக் கயிற்றுச் சுருள் மேல் உட்கார வைத்தார். இப்போது பெட்டி பலகையைத் தொடவில்லை. கம்பியைத் தட்டினார். உறுமல் முக்கால்வாசி போயிருந்தது.

மீதி இருந்ததைக் குமிழில்தான் சரிசெய்ய வேண்டும். குடோனில் பிடித்த இடம் இங்கே உதவாது. மறுபடி தேட வேண்டும். விழாத் தலைவர் பேசி முடிக்கப் போகிறார்.

“அக்கா, மைக்ல எதுனா பேசுங்க. பாட வேணாம். பேசிக்கினே இருங்க.”

என்ன பேசுவது? எனக்குத் தெரிந்ததைப் பேசினேன். “நூத்திப் பன்னெண்டு, ரெண்டு லிட்டர். நூத்திப் பதிமூணு, ஒண்ணரை. நூத்திப் பதினாலு, இன்னைக்கு வரல. மாடு செனையா இருக்குது.”

குழந்தைகள் சிரித்தார்கள். பாய் சிரிக்கவில்லை. ஒரு கையால் கம்பி, ஒரு கையால் குமிழ், கண் மூடியிருந்தது. நான் நூற்று இருபதுக்கு வந்தபோது, “போதும்க்கா” என்றார்.

எட்டுத் தாளம்

பெயர் எதற்கு, ஒரு பழைய பாட்டு. நிதானமானது. பிரிந்து போன ஒருவனை நினைத்து ஒரு பெண் பாடுவது. என் பழைய குரலில் அதை நூறு மேடையில் பாடியிருப்பேன்.

முதல் வரியை எடுத்தேன். என் குரல் ஸ்பீக்கரில் வெளியே போய், மைதானத்தைத் தாண்டி, பலா மரம்வரை போனதைக் கேட்டேன். பேச்சு நின்றது. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்ற ஒரு பெண், தட்டிக்கொண்டிருந்த கையை நிறுத்தாமலேயே மேடை பக்கம் திரும்பினாள். ஊளை இல்லை, இரைச்சல் இல்லை. நான் பாடினேன், அவர்களுக்குக் கேட்டது. அவ்வளவுதான், ஆனால் அது நடந்து பல மாதம் ஆகியிருந்தது.

பல்லவி முடிந்ததும் வாத்தியம் மட்டும் வரும் இடம். எட்டுத் தாளம். அதில் பேஸ் முன்னால் வரும்.

நான் ஒரு வாய் தண்ணீர் குடிக்கத் திரும்பினேன். அப்போதுதான் பார்த்தேன். பாய் சட்டென்று குனிந்து ஒரு குமிழைத் திருகி, சிவப்புப் புள்ளிக்குக் கொண்டுவந்தார். நிமிர்ந்தார். வாசித்தார். அவருடைய பழைய சத்தம், அந்த உருண்டை, அந்த வெதுவெதுப்பு, எட்டே தாளம் அந்த மலையில் கேட்டது. முகத்தில் அப்படி ஒரு நிறைவு. எட்டாவது தாளத்தில் இடது கை கடைசிச் சுரத்தை இழுத்துப் பிடித்திருக்க, மறுபடி குனிந்து வலது கையால் குமிழைக் கீழே இறக்கினார். சிவப்புப் புள்ளியிலிருந்து வெகு தூரம் கீழே.

நிமிர்ந்தவர் என்னைப் பார்த்து, ‘பாடுங்க’ என்று தலையை அசைத்தார்.

அந்த ஒரு நொடியில் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ஆம்ப்பில் ஒரு கோளாறும் இல்லை.

சரணத்தை எப்படி எடுத்தேன் என்று தெரியவில்லை. எடுத்தேன். நடுவில் குமரேசன் கீபோர்டிலிருந்து சாய்ந்து, “பாய், பேஸ் ரொம்பக் கம்மியா இருக்குது, ஏத்துங்க” என்று சொன்னது என் காதில் விழுந்தது.

“ஏத்த முடியல மாஸ்டர். ஆம்ப்ல கோளாறு” என்றார் பாய்.

பாட்டு முடிந்ததும் கைதட்டல் வந்தது. பலா மரத்தடியிலிருந்து ஒரு ஆள், “அந்தம்மாவ இன்னொண்ணு பாடச் சொல்லுங்க” என்று கேட்டார். குமரேசன் என்னைப் பார்த்தார். பிறகு நோட்டைப் புரட்டி, அடுத்ததாக எழுதியிருந்த பாட்டை அடித்துவிட்டு, எனக்கு ஒன்று எழுதினார்.

இறங்கும்போது

சாயங்காலம் சாப்பாட்டுப் பந்தியில் அந்தோணி என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

“அக்கா, நீங்க பாடுற எடத்துலதான் பாயோட பேஸும் கனமா உக்காந்துக்கினு இருந்துச்சி. ரெண்டும் ஒரே எடம். நான் உங்க மைக்க ஏத்திக்கினே போனேன், அது கத்துச்சி. அந்த எடத்துல பேஸைக் கொறைக்கணும்னு எனக்குத் தோணாம இல்ல. ஆனா பாய்கிட்ட எப்டிக் கேக்கறது? அந்தச் சத்தம்தானே அவரு. அவரே கொறச்சிக்குவாருனு நான் நெனைக்கவே இல்ல.”

நான் இலையை மூடிவிட்டு எழுந்தேன்.

வண்டி இறங்கும்போது பாயின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். வெளியே சரிவுகள் மெல்லக் கறுத்துக்கொண்டிருந்தன.

“ஆம்ப்ல கோளாறுனு பொய் சொன்னீங்க.”

அவர் ஜன்னலையே பார்த்தார்.

“சொல்லிட்டுச் செஞ்சா நீங்க வேணாம்னுவீங்க. இல்லன்னா எனக்காக இப்டி ஆவுதேனு இன்னும் மெதுவாப் பாடுவீங்க.”

“அது உங்க சத்தம் பாய். அத்தனை வருசம் தேடிப் புடிச்சது.”

“மத்தவங்க பாடுறப்ப அதுலதானே வாசிக்கிறேன்? எங்க போவுது அது? புள்ளி வெச்சிருக்கேன் இல்ல?”

பிறகு அவரே சொன்னார்.

“ஏழுமல அண்ணன் கடைக்கு வந்திருந்தாரு. தார்ப்பாய் வாங்க. போறப்ப திரும்பி வந்து, ‘வூட்ல ஒரு சத்தமும் இல்ல பாய், இன்னா பண்றதுனே தெரியல’ன்னாரு. அவரு அம்மாம் பேசி நான் கேட்டதே இல்ல. ரெண்டு நாளு தூக்கம் வரல எனக்கு. அப்பறம் யோசிச்சிப் பாத்தேன். மண்டபத்துல உங்கள மூடுனது யாரு? நான்தானே?”

நான் சால்வையை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் ஏழுமலை, “எப்டி இருந்துச்சி?” என்று கேட்டார். “இருந்துச்சி” என்றேன். பிறகு அடுப்படியில் நின்று, மலையில் பாடிய பாட்டையே முணுமுணுத்துக்கொண்டு ரசத்துக்குப் புளி கரைத்தேன். அவர் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டார்.

மாற்று ஆள் வந்த நாள்

அதற்குப் பிறகு ஒவ்வொரு கச்சேரியிலும் மூன்று, நான்கு பாட்டு பாடுகிறேன். எல்லாம் கீழ் சுருதிப் பாட்டுகள். குமரேசனே எனக்கென்று தேடிப் பிடித்து எழுதுகிறார். நான் மைக்கை நோக்கி நடக்கும்போது பாய் குனிவார். ஒரு குமிழ் இறங்கும், ஒரு குமிழ் ஏறும். பார்க்கிறவர்கள் வயரைச் சரிசெய்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். இத்தனை நாளில் அவர் ஒருமுறைகூட மறந்ததில்லை. ‘பேஸ் இப்பல்லாம் முன்ன மாதிரி இல்லையே’ என்று அவரிடமே சொன்னவர்கள் உண்டு. ‘வயசாவுதில்ல?’ என்று சிரித்துக்கொள்வார். ஒரு கலைஞன் தன்னைப் பற்றி அப்படி ஒரு பேச்சைக் கேட்டுக்கொண்டு சும்மா இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று மேடை ஏறியவர்களுக்குத்தான் தெரியும்.

சமீபத்தில் அவர் மகளுக்குப் பிரசவம். பாய் திருக்கோவிலூர் ஆஸ்பத்திரியில் இருந்தார். அன்று எங்களுக்கு ஒரு கச்சேரி. பேஸ் வாசிக்க விழுப்புரத்திலிருந்து ஒருவர் வந்தார். நல்ல வாசிப்பு. அவருடைய ஆம்ப் புதுசு, சத்தமும் பெரிசு.

மேடையில் எல்லாரும் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு வரி பாடிப் பார்த்தேன். மறுபடி மூடிக்கொண்டது. பழைய நான் என்றால், மைக்கை வாயோடு வைத்துக்கொண்டு கத்திப் பார்த்திருப்பேன். இல்லையென்றால் தலைவலி என்று சொல்லி இறங்கியிருப்பேன்.

அவரிடம் போனேன்.

“சார், அந்த நடுச் சத்தத்த ஏத்துற நாப் இருக்குதில்ல, அத முழுக்க ஏத்தி வெச்சிக்கினு, எடம் தேடுற இன்னொரு நாப மெதுவா நகத்துங்க. நான் பாடிக்கினே இருக்கேன். என் குரல் எங்க காணாமப் போவுதோ, அங்க நிறுத்துங்க.”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஆனாலும் செய்தார். குமிழ் நகர்ந்துகொண்டே வந்தது. என் குரல் மறைந்தது.

“இங்கதான். இப்ப ஏத்தி வெச்ச நாப எறக்குங்க. இன்னும். இன்னும் கொஞ்சம்.”

“ரொம்ப மெலிஞ்சிடும்மா.”

“மெலியட்டும் சார். அங்க நான் இருக்கேன். நான் பாடாதப்ப நீங்க ஏத்திக்குங்க.”

“நீங்க பேஸ் வாசிப்பீங்களா?”

“இல்லீங்க. பாடுறவதான்.”

இறக்கினார். அன்று நான்கு பாட்டு பாடினேன்.

மறுநாள் காலை, சொசைட்டியில் கேன்களை வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு, பாய்க்குப் போன் செய்தேன். பேத்தி பிறந்திருக்கிறாள் என்றார். பின்னால் அது அழும் சத்தம் கேட்டது. நல்ல கனமான குரல்.

“கச்சேரி எப்டிக்கா? ஆளு எப்டி வாசிச்சாரு?”

“நல்லா வாசிச்சாரு. நாப் எங்க வெக்கணும்னு நானே சொல்லிட்டேன்.”

பேத்தியின் அழுகை தள்ளிப் போனது, அவர் வெளியே வந்திருக்க வேண்டும்.

“நீங்க எப்டிப் பாடுனீங்க?”

இருபது வருஷத்தில் இந்தக் கேள்விக்கு நான் ‘பரவால்ல பாய்’, ‘சுமார்தான் பாய்’ என்பதைத் தாண்டி எதுவும் சொன்னதில்லை. ஆபரேஷனுக்கு முன்னாலும் சரி, பின்னாலும் சரி.

“நல்லாப் பாடுனேன் பாய்” என்றேன்.

“அப்ப எனக்கு வேல போச்சி” என்று சிரித்தார்.

“போகல. வெள்ளிக்கெழம ப்ராக்டிஸ் இருக்குது. பேத்தியப் பாத்துட்டு வந்து சேருங்க.”